எங்கள் முனியின் உயரம்

எங்களை ஒருநாளும் உயர்ந்தவர்கள் என்று சொல்லாத மேலூர், தண்ணீர் என்று வந்தபோது மட்டும் எங்களைத் தூக்கி மேட்டில் வைத்தது.

"உங்கட காணி மேடு பிள்ளை. குளத்துத் தண்ணி அங்க ஏறாது," என்றார் வட்டவிதானையார். குளத்துத் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று பார்க்கிறவர் அவர். கோடையில் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகத்துக்கான கூட்டம் நடந்த பாடசாலைக் கொட்டிலில் முன்வரிசைக் கதிரையில் அவர் இருந்தார். எங்கள் ஆட்கள் பின்னால் மண்ணில் இருந்தார்கள். நான் மட்டும் எழும்பி நின்றேன்.

"ஐயா, மாரியில எங்கட வயலுக்குள்ள முழங்காலளவு தண்ணி நிக்குது. உங்கட வயல் காய்ஞ்ச பிறகும் நிக்குது. மேட்டில எப்பிடித் தண்ணி நிக்கும்?"

"மழைத்தண்ணி வேற, குளத்துத்தண்ணி வேற."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! மழைத் தண்ணீருக்கு ஒரு பள்ளம், குளத்துத் தண்ணீருக்கு ஒரு பள்ளமா? ஆனால் சிரித்தவர்கள் எல்லாரும் மேலூர்க்காரர். அன்றைக்கு என் பேச்சு எடுபடவில்லை. "உந்தத் தோட்டக்காட்டுச் சனத்துக்கு வாய் நீளம்," என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார்கள்.

நாங்கள் மலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கலவரத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடுகளை எரித்தபோது கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்து, கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியிருந்தோம். அப்போது எனக்கு ஆறேழு வயது. வெட்டிய காடு வயலானது. ஆனால் மழையை நம்பிய வயல். ஆண்டுக்கு ஒரு போகம். மற்ற மாதங்களில் அம்மா மேலூர் வயல்களுக்குக் கூலிக்குப் போவாள். அப்பா இறந்த பிறகு ஒரு சிறுபோகம்கூட அவள் அந்த வயல்களில் களை பிடுங்காமல், அருவி வெட்டாமல், அதுதான் நெல் அறுக்காமல், இருந்ததில்லை. எங்களுக்கு ஒரு கிளை வாய்க்கால் வெட்டினால் எங்களுக்கும் சிறுபோகம் உண்டு. அம்மா அடுத்தவன் வரம்பில் குனியத் தேவையில்லை. விஷயம் அவ்வளவுதான். மேலூருக்கும் அது நன்றாகத் தெரியும். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தால் அவர்கள் வயலில் யார் இறங்குவது?

அந்தச் சமயம் நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். உயர்தரத்தில் கணக்குப் படித்தவள் என்று அளவு வேலைக்கு உதவியாக எடுத்திருந்தார்கள். அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த சேர் யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர். நல்லவர்; ஆனால் சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பார். கூட்டம் முடிந்த கையோடு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், எங்கட காணி பள்ளம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ?"

"தெரியும் தங்கச்சி. ஆனா வாயால சொல்லி ஏலாது. அளந்து காட்டவேணும்."

"அளப்பம்."

"எங்கயிருந்து அளக்கிறது?"

அதுதான் சிக்கல். குளத்துத் துருசு, அதுதான் தண்ணீரைத் திறந்துவிடும் மடை, அதன் அடிமட்டத்திலிருந்து எங்கள் வயல்வரை நேரே அளந்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஆண்டு குளக்கட்டுப் பக்கம் சனம் போகத் தடை. ஏன் என்று கேட்கிற காலமில்லை அது. இடையில் இருந்த வயல்களோ மேலூருடையவை. வரம்பில் கால் வைக்க விடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வழி இருந்தது. துருசின் அடிமட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பது பழைய வரைபடத்தில் இருந்தது. எங்கள் வயலின் உயரம் தெரிந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். அதற்கு, உயரம் ஏற்கெனவே அளந்து குறித்த ஒரு கல் வீதியோரத்தில் வேண்டும்.

சேர் குந்தியிருந்து ஈர்க்கால் மண்ணில் கீறிக் காட்டினார். மேலே படுக்கையாக ஒரு கோடு. அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி விரியும் மூன்று கோடுகள்.

"காகத்தின்ர கால் மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில வெட்டினது. வீதியால போறவன் கண்ணில படுகிற இடமாப் பாத்துத்தான் வெட்டுவாங்கள். மதகு, பாலம், பழைய கட்டடத்துப் படி. அடுத்த கல்லில அதின்ர உயரத்தையும் இலக்கமா வெட்டியிருப்பாங்கள். எது எங்க இருக்கெண்ட விபரமெல்லாம் கந்தோர் இடம் மாறேக்க துலைஞ்சு போச்சு. கல்லுகள் மிஞ்சியிருந்தா உன்ர அதிர்ஷ்டம்."

அதிர்ஷ்டத்தை நம்பி எங்கள் வீட்டில் யாரும் இருந்ததில்லை. அடுத்த நாளே சைக்கிளை எடுத்தேன். ரயர் கிழிந்த இடத்தில் பழைய ரயர்த் துண்டை வைத்து வரிந்து கட்டிய சைக்கிள் அது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி குதிக்கும். கிளிநொச்சிப் பக்கம் போகிற வீதியில், அடியால் தண்ணீர் ஓடும் மதகு மதகாக இறங்கினேன். பாதி மதகுகள் குண்டில் போயிருந்தன. மீதியில் நல்ல கல் இருந்தவற்றைப் பதுங்குகுழிக்கென்று சனம் பெயர்த்துப் போயிருந்தது. பாசியைச் சிரட்டையால் சுரண்டி, கல்லோடு கல்லாக முகத்தை வைத்துப் பார்ப்பேன். போகிற வருகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

"என்ன பிள்ளை, மதகைக் கும்பிடுறியோ?"

"ஓம், உங்களுக்கும் சேத்துத்தான் கும்பிடுறன்."

நான் புதையல் தேடுகிறேன் என்று ஒரு கதை கிளம்பியது. நான் பார்த்துவிட்டுப் போன ஒரு மதகடியை யாரோ மண்வெட்டியால் கிண்டியும் பார்த்திருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காகத்தின் கால் மட்டும் எங்கும் அகப்படவில்லை. சிறுபோகக் கூட்டம் மறுபடி கூடி முடிவெடுக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் குடியிருப்பு முகப்பில், வீதியோரப் பாலை மரத்தடியில், எங்கள் முனி நிற்கிறது. இடுப்பளவு கல். அதில் சூலம் வெட்டியிருக்கும். எண்ணெயும் புகையும் ஏறி, குங்குமம் அப்பி, சூலத்தின் மூன்று முனைகள் மட்டும் மங்கலாகத் தெரியும். இங்கே வந்த காலம் முதல் அதைக் கும்பிடுகிறோம். அந்த முறை முனிக்குப் பொங்க வேண்டும் என்று அம்மா கல்லைக் கழுவினாள். சவர்க்காரம் எங்கே கிடைத்தது அப்போது? சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அழுக்குக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. சூலம் பளிச்சென்று வந்தது. சூலத்தின் அடியில் படுக்கையாக ஒரு கோடும் வந்தது.

வாளியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று கோடு, ஒரு படுக்கைக் கோடு. வீதியோரம். ஊரெல்லாம் நாயாய் அலைந்தேனே, இது எங்கள் வீட்டு வாசலில் பொங்கலும் பூவும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறதே! கத்திக்கொண்டு நீர்ப்பாசனக் கந்தோருக்கு ஓடினேன். சேர் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்சைக்கிளில், பின்னால் ஒரு புகை மண்டலத்தோடு வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனார். பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, கோடு மேல இருக்கவேணும். கால் கீழ இருக்கவேணும். இது தலைகீழா நிக்குது."

"அதுக்கென்ன சேர்?"

"வெட்டினவன் தலைகீழா வெட்டமாட்டான். ஆரோ கல்லைக் கிளப்பிப் புரட்டி நட்டிருக்கினம். இடம் மாறின கல்லு. இதின்ர உயரம் அண்டைக்கே போச்சு."

அம்மா தும்பும் கையுமாக நின்றாள்.

"நாங்கதாங்க நட்டோம்," என்றாள். "வந்த புதுசுல அந்தா, அந்த மதகு வெள்ளத்துல இடிஞ்சு கெடந்துச்சு. இந்தக் கல்லு ஓரமா கெடந்துச்சு. பாத்தா சூலம், தலைகீழா கெடக்கு. இவ அப்பாதான் ஆளுங்கள சேத்துத் தூக்கிட்டு வந்து, நிமுத்தி, சீமெந்து போட்டு நட்டாரு."

"ஏம்மா! கெடந்த கல்ல கெடந்த எடத்துல விட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அம்மாவோடு பேசும்போது எனக்கு மலைப் பேச்சுத்தான் வரும்; கோபத்தில் இன்னும் கூடுதலாக வரும்.

"ஏன்டி கத்துற? சூலம் தலைகீழா கெடந்தா நீ பாத்துக்கிட்டு சும்மா போவியா?" அவளுக்கும் குரல் ஏறியது. "வந்த எடத்துல எங்களுக்குன்னு என்னா இருந்துச்சு? ஒரு சாமி உண்டா? அதுவும் எங்கள மாதிரி தூக்கிப் போட்டுக் கெடந்துச்சு. நாங்க எடுத்து வச்சோம். தப்பா?"

சேர் செருப்பைப் போட்டுக்கொண்டு மெல்லப் போய்விட்டார். அம்மா திரும்பவும் கல்லைத் தேய்க்கத் தொடங்கினாள். பொங்கலும் பொங்கினாள். நான் கோபத்தில் சாப்பிடவில்லை. பிறகு பசியில் சாப்பிட்டேன்.

கதை மேலூருக்குப் போகாமல் இருக்குமா? காற்றை விட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கிழமை மண்ணெண்ணெய்க்குக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனேன். முன்னொரு காலத்தில் நெல் களஞ்சியமாக இருந்த பழைய கற்கட்டடம் அது. வீதியைப் பார்த்த உயர்ந்த மேடை, அதற்கு அகலமான கற்படிகள். மேற்படியில் வட்டவிதானையார் இருப்பார். அவருக்கு அதுதான் கந்தோர், அதுதான் சபை. காலைக் கீழ்ப்படியில் தொங்கப் போட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் விசாரிப்பார்.

"என்ன பிள்ளை, உங்கட முனி அளவுக் கல்லாமே?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கவுண்மேந்துக் கல்லைத் திருப்பி நட்டு, கோழியும் அறுத்துப் பொங்கினதுகள் உலகத்தில நீங்கள் மட்டுந்தான்!" என்றார். வரிசை குலுங்கிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அவர் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைக் காலடியில், மேடைக் கல்லின் முகத்தில் தடவினார்.

அழுதுவிடக் கூடாது என்று தலையைக் குனிந்தேன். அவர் விரல் போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை காலமாகச் சுண்ணாம்பு தடவிய இடமோ, வெள்ளை வெளேர் என்று இருந்தது. கல்லில் இருந்த வெட்டுகளுக்குள் சுண்ணாம்பு இறுகியிருந்தது. மேலே படுக்கையாக ஒரு கோடு. கீழே விரிந்த மூன்று கால்கள்.

"ஐயா, காலை எடுங்கோ."

"என்ன?"

"காலை எடுங்கோ எண்டு சொன்னனான்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. நான் மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தேன்; படியில் மண்டியிட்டு, அவர் காலுக்குப் பக்கத்தில் கையை வைத்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தேன். என் விரலில் அவருடைய சுண்ணாம்பு ஒட்டியது. அந்தப் பக்கத்தால் எத்தனை முறை சைக்கிளில் போயிருப்பேன்! வீதியில் நின்று பார்த்தாலே தெரிகிறது. அவர் கால் இருந்ததால் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. எழும்பி எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்:

"எங்கட அளவுக் கல்லுக்கு நாங்கள் கோழி அறுத்தம். உங்கட அளவுக் கல்லுக்கு நீங்கள் சுண்ணாம்பு பூசியிருக்கிறியள். நல்லது ஐயா. வெள்ளையடிச்சு வைச்சதுக்கு நன்றி."

வரிசை மறுபடி சிரித்தது. இந்த முறை எனக்குச் சார்பாக. மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டு ஓடினேன்.

சேர் முதலில் தயங்கினார். "அந்தாள் இருக்கிற இடம் தங்கச்சி. வீண் பிரச்சினை." எனக்குப் பொறுக்கவில்லை. "சங்கக்கடை பொதுக்கடை, சேர். வீதி பொது வீதி. நீங்கள் வராட்டி நானும் அம்மாவும் கருவியைத் தூக்கிக்கொண்டு போவம். பிழையா அளந்துபோட்டு உங்கட பேரைத்தான் சொல்லுவன்," என்றேன். அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது.

விடிந்ததும் போனோம். முக்காலியில் கருவியை வைத்துச் சேர் கண்ணாடிக்குள் பார்ப்பார். அவர் சொல்வதை நான் எழுதுவேன். அளவுகோலைப் பிடித்து நிற்க ஆள் வேண்டும். அம்மா வந்தாள். மேலூர் வயலுக்குக் கூலிக்குப் போகும் அதே சேலை, அதே முண்டாசு. வட்டவிதானையார் வழமையை விட நேரத்தோடு வந்து படியில் இருந்தார். காலையும் அதே இடத்தில் போட்டிருந்தார்.

"கோலைக் கொண்டுவந்து என்ர காலில வைக்கப் போறியளோ?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவருடைய வயலில் எத்தனை போகம் குனிந்தவள். அவள் முகத்தில் பயம் தெரிந்தது. நான், "நீ வையும்மா," என்றேன். அவள் கோலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினாள். கோல் கிட்ட வர வர அவர் கால் விரல்கள் மடங்கின. கடைசியில் காலை இழுத்துக்கொண்டார். நான் கோலின் அடியைக் கோட்டுக்கு நேரே பிடித்துவிட்டேன். அடுத்த கல்லில் வெட்டியிருந்த உயரத்தை எழுதிக்கொண்டேன். கட்டடம் அசைந்ததா, கல் புரண்டதா என்று சேர் சுற்றிவரப் பார்த்தார்.

"கோடு மேல, கால் கீழ. பிறந்த இடத்திலயே நிக்குது," என்றார்.

அங்கிருந்து வீதி நெடுக அளந்துகொண்டு வந்தோம். வெயில் கொளுத்தியது. மேலூர்ச் சிறுசுகள் பின்னால் வந்தன. பிறகு பெரியவர்களும் வந்தார்கள். அம்மா ஒவ்வொரு இடத்திலும் கோலை நட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "மூச்சு விடலாம் அம்மா, கோல் ஆடாட்டிச் சரி," என்று சேர் சொல்லியும் அவள் விடவில்லை. எங்கள் வயலுக்குள் கோலை வைத்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. சேர் பாலை மரத்தடியில் இருந்து கணக்குப் போட்டார். அடித்துவிட்டுத் திரும்பவும் போட்டார். நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"துருசின்ர அடியை விட இரண்டடிக்கு மேல பள்ளம்," என்றார்.

"பள்ளமா?" என்றாள் அம்மா. "நல்ல பள்ளமா?"

"நல்ல பள்ளம் அம்மா."

பள்ளத்தில் இருக்கிறோம் என்று கேட்டு அவ்வளவு சந்தோசப்பட்ட சனம் வேறு எங்கும் இருந்திருக்காது. அம்மா கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

கூட்டத்தில் வட்டவிதானையார் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்துக் கல்லை எப்படி நம்புவது என்றார். நான் எழும்பினேன். "ஐயா, இவ்வளவு காலம் நீங்கள் நம்பித்தானே அதில இருக்கிறியள்?" சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. கிளை வாய்க்கால் வெட்டலாம், ஆனால் சீமெந்தும் தரமாட்டோம், கூலியும் தரமாட்டோம், நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்று முடிவானது. யாருக்கு வேண்டும் அவர்கள் சீமெந்து! மலையில் ஒரு தலைமுறை கான் என்ற வடிகால் வெட்டிய கைகள் எங்களுடையவை. ஆணும் பெண்ணுமாக இறங்கினோம்.

வெட்டும்போது சரிவு பார்க்க, எங்கள் பக்கத்தில் அசையாத அடையாளம் ஒன்று வேண்டும் என்றார் சேர். கட்டை நட்டால் கறையான் தின்னும். மரத்தில் ஆணி அடித்தால் மரம் வளரும். அம்மா கேட்டாள்:

"எங்க முனிய வச்சா ஆகாதுங்களா?"

"அது இடம் மாறின கல்லு அம்மா."

"மாறி வந்து எத்தன வருசமாச்சு. அதுக்கப்புறம் அது எங்கயாச்சும் போச்சா? சீமெந்து போட்டு நட்டது சார். இனி அது எங்கயும் போவாது."

சேர் முனியைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். முனியின் தலையில் ஒரு துண்டு வாழையிலை போட்டு, அதன்மேல் கோலை வைக்கச் சொன்னார். சங்கக்கடைப் படியிலிருந்து வந்த கணக்கில் முனிக்கு ஒரு உயரம் வந்தது. பழைய உயரம் இல்லை. நிற்கிற இடத்தின் உயரம். அந்த இலக்கத்தை அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டாள்.

அந்தச் சிறுபோகம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீரை அம்மா செம்பில் அள்ளி முனிக்கு ஊற்றினாள். நெல் முற்றி, அருவி வெட்டும் நாளும் வந்தது. மேலூரில் வெட்ட ஆளில்லை. ஒரு காலை வட்டவிதானையாரே சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. வீதியோரம் சைக்கிளை நிறுத்தி, விழாமலிருக்க ஒரு காலைத் தூக்கி முனியின் தலையில் ஊன்றிக்கொண்டு கூப்பிட்டார்.

"நாளைக்கு வெட்டு. பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ."

நான் வரம்பில் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா வயலுக்குள்ளிருந்து நிமிர்ந்தாள். அருவாள் கையில். வெட்டிக்கொண்டிருந்த எங்கள் சனம் அவ்வளவு பேர் நடுவில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"ஐயா, காலை எடுங்க!"

"இது அளவுக் கல்லுத்தானே?"

"அளவுக் கல்லுதான். அளந்து வச்சிருக்கோம்." அந்த இலக்கத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "எங்க முனியும் அதுதான். காலை எடுங்க."

அவர் காலை எடுத்தார். சைக்கிள் சரிந்ததில் ஒருமுறை தடுமாறி, மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

"நாளைக்கு வரமுடியாதுங்க," என்றாள் அம்மா, திரும்பவும் குனிந்துகொண்டே. "எங்களுக்கு எங்க வயல்ல வெட்டு இருக்கு."